கபே அண்ணை வந்திருக்கிறார்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் அரியாலை ஒழுங்கைகளுக்குள் வான்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். இறங்குகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டறிய வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த மனிதர் தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்தபடி நடந்தால் கனடா. நுளம்புக்குப் பூசிய மருந்தின் மணம் முன்னே வர, ஆள் பின்னே வந்தால் லண்டன். எதைக் கண்டாலும் "எங்கட இடத்தில இதுக்குத் தண்டம்" என்றால் சுவிஸ். இவையெல்லாம் பழைய இனங்கள். இவர்களோடு வாழப் பழகிவிட்டோம். சில வருடங்களாகப் புதிய இனம் ஒன்று வருகிறது. அதற்கு நாட்டுப் பேதம் கிடையாது. ஊரில் நாங்கள் வைத்திருக்கிற பெயர் கபே அண்ணை. ஒழுங்கைக்கு ஒருவராவது தேறுவார்.

படலையைத் திறந்ததும் மற்றவர்கள் வீட்டுக்காரரைத் தேடுவார்கள். கபே அண்ணை நாயைத் தேடுவார். கண்டதும் குந்தியிருந்து, புறங்கையை நீட்டி, மணந்து பார்க்கக் கொடுப்பார். எங்களூர் நாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்: மனிதன் குனிந்தால் கல். அது வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு கோடிப்பக்கம் ஓடிவிடும். "பாவம், ஆரோ அடிச்சிருக்கினம்" என்று அண்ணை கவலைப்படுவார். அந்த நாயின் முன்னோருக்கு இதே அண்ணை எறிந்த கல் ஒன்றும் குறி தவறியதில்லை என்று ஒழுங்கையில் இன்றைக்கும் கதை இருக்கிறது. மீன் வெட்டுகிற இடத்துக்கு வந்த பூனைக்குச் சுடுதண்ணீர் காட்டியவர் அவர். கதியாலில் துளிர்த்த குழையைக் கடித்த ஆட்டைக் கொம்பில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், உடையவரின் வாசலில் நின்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை பிடித்தவரும் அவரே.

விறாந்தைக் கதிரையில் இருந்ததும் போன் வெளியே வரும். வெளிநாட்டாரின் போனில் என்ன இருக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். வீடு, கார், மகளின் பட்டமளிப்பு, நயாகரா. இவர் போனில் நயாகரா இல்லை. மகள் இருக்கிறாள். அவளுடைய தோளில் ஓர் ஆந்தையும் இருக்கிறது.

"என்ன மோனை இது, பிள்ளையின்ர தோளில?" என்பார் பெரியம்மா.

"ஆந்தை பெரியம்மா. ரோக்கியோவில ஆந்தைக் கபே. மணித்தியாலத்துக்கு ரெண்டாயிரம் யென்."

"பிள்ளைக்குக் குடுக்கிறாங்களோ?"

"இல்லை, நாங்கள் குடுக்கிறது."

பெரியம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிடுவார். வேப்பமரத்தில் நத்து அலறினால் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து வீசுகிற வீடு அது. நத்துக் கத்தின வீட்டில் கிழமைக்குள் ஒரு சாவு என்பது இங்கே வரலாறு. "காசு குடுத்தோ இருத்தினது? வந்து உப்பும் செத்தல் மிளகாயும் சுத்திப் போட்டனீங்களோ?"

ஜப்பான்காரருக்கு ஆந்தை அதிர்ஷ்டப் பறவை என்று அண்ணை விளங்கப்படுத்துவார். காலில் மெல்லிய வார் கட்டி, வரிசையாகத் தாங்குகளில் இருத்தியிருப்பார்களாம். தலையில் இரண்டு விரலால் மட்டும் தடவலாம், முதுகில் தடவக்கூடாதாம். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ராவில பறக்கிற சாமானைப் பகல் முழுக்கக் கட்டி வைச்சால் அது எப்ப நித்திரை கொள்ளுறது?" ஜப்பானிலுள்ள விலங்கு நல அமைப்புகள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அண்ணையிடம் பதில் இருக்காது. அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவார்.

அடுத்தது பாம்பு. ரோக்கியோவின் ஹராஜுகுவில் 2015-ல் திறந்த பாம்புக் கபே. குடிக்க ஒன்று சொல்லிவிட்டு, துணைக்கு ஒரு பாம்பையும் தெரிவு செய்தால், உள்ளே தெரிகிற சின்னப் பெட்டியில் போட்டு மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். எல்லாம் விஷமில்லாத சாதி. பெரியம்மாவுக்கு இது மற்றதைவிட எளிதாக விளங்கிவிட்டது. "இஞ்ச நாகதம்பிரானுக்கு நாங்கள் பால் வைக்கிறம். அங்க பாம்பு பாத்துக்கொண்டிருக்க நீங்கள் பால்கோப்பி குடிக்கிறியள். அவ்வளவுதானே?"

கபிபராவுக்கு வரும்போது அண்ணையின் குரலே மாறிவிடும். அது தென்னமெரிக்கப் பிராணி. உலகத்திலேயே பெரிய கொறிவிலங்கு. வளர்ந்தது 50 கிலோவுக்கு மேலும் வரும். ஜப்பானில் அதற்கும் கபே உண்டு. மடியில் தலை வைத்துப் படுக்குமாம்.

"எலிச் சாதியோ?"

"ஓம் பெரியம்மா, எலிச் சாதிதான்."

"அம்பது கிலோவில அகழானோ? அப்ப சரி. பிள்ளையார் ஏறிப் போறதுக்கு அதுதான் அளவு. இஞ்சத்தையானில எப்பிடி ஏறினவர் எண்டு எனக்குச் சின்னனிலயிருந்து சமுசயம்."

பெரியம்மாவோடு இப்படித் தோற்றுக்கொண்டிருந்தாலும், எங்களைப் போன்ற இளையவர்கள் அகப்பட்டால் அண்ணை சரித்திரம் சொல்லத் தொடங்கிவிடுவார். குறைசொல்ல மாட்டேன், அதில் விஷயம் இருக்கிறது. இந்த வியாபாரத்தை ஜப்பான்காரன் கண்டுபிடித்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. முதற் பூனைக் கபே 1998-ல் தாய்வானின் தாய்பேயில் திறந்தது. அங்கே போன ஜப்பானியச் சுற்றுலாக்காரருக்கு அது பிடித்துப்போக, 2004-ல் ஒசாகாவில் ஒன்று வந்தது. பத்து வருடத்துக்குள் ஜப்பானில் நூற்றைத் தாண்டிவிட்டது. காரணம் எளியது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறவர் பூனை வளர்க்க வீட்டுக்காரன் விடமாட்டான். அதனால் பூனையையும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு முயல், முள்ளெலி, சிறுபன்றி. ஷிபுயாவில் சகுராகவோகா கபே என்று இரண்டு ஆடுகளை வைத்துப் பெயரெடுத்த கடை. தென்கொரியாவின் சியோலில் செம்மறி வைத்து ஒன்று. செம்மறியோடு அவர்கள் நிற்கவில்லை. ரக்கூனையும் மீர்கற்றையும் கொண்டுவந்து மேசைகளுக்கு இடையில் ஓடவிட்டார்கள். கடைசியில் அரசாங்கமே தலையிட்டு, மிருகக்காட்சிச்சாலை அல்லாத இடத்தில் காட்டுவிலங்கு வைத்துக் காட்டக்கூடாதென்று 2023 டிசெம்பரிலிருந்து தடை போட்டது. ஏற்கெனவே இருந்த கடைகளுக்கு 2027 கடைசி வரை அவகாசம்.

இதைச் சொல்லும்போது அண்ணையின் முகத்தில் ஒரு துக்கம் தெரியும். மிருகங்கள் பட்ட பாட்டுக்காகத்தான் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனால், "அவகாசம் முடிய முதல் ஒருக்காப் போய்ப் பாத்திட வேணும்" என்பார்.

கபேயின் ஒழுங்குவிதிகளை அவர் விவரிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கையைக் கழுவ வேண்டும். உரத்துக் கதைக்கக்கூடாது. பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படமெடுக்கக்கூடாது. நித்திரையில் இருப்பதை எழுப்பக்கூடாது. தானாக வந்தால் தொடலாம், தூக்கக்கூடாது. குறித்த நேரத்துக்கு வரவேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் நடை திறக்காது. மேற்சட்டையைக் கழற்றச் சொல்லாதது ஒன்றுதான் குறை. மற்றப்படி நல்லூர்க் கந்தசுவாமி கோவில்.

கனடா வகைக் கபே அண்ணையின் தொடக்கம் பெரும்பாலும் ரொறன்ரோ கொலிஜ் வீதியில் நடக்கிறது. அங்கே 2015-ல் ஒரு பூனைக் கபே திறந்தது. கோப்பி ஊற்றுகிற பக்கம் வேறு, பூனைகள் இருக்கிற பக்கம் வேறு, நடுவில் கண்ணாடி. மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய சிநேகிதப் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். காருக்குள் இருக்கலாம் என்றுதான் எண்ணம். குளிருக்கு உள்ளே வந்து ஒரு மூலையில் இருந்திருக்கிறார். ஒரு கிழட்டுப் பூனை மடியில் ஏறிச் சுருண்டு படுத்துவிட்டது. எழுப்பக்கூடாது என்பது விதி. அதனால் அவர் அசையாமல் இருந்தார்.

இரண்டு வேலை பார்க்கிற மனிதர். ஸ்காபரோவிலிருந்து விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, ஒரு தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம், பிறகு பின்னேரத்தில் இன்னொன்று. அசையாமல் இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், பூனை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு லோன் முடிந்துவிட்டதா என்று கேட்கவில்லை. தம்பியை எப்போது கனடாவுக்கு எடுப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பழைய மாணவர் சங்கத்து மதிலுக்கு எவ்வளவு எழுதுகிறீர்கள், கும்பாபிஷேகத்துக்கு எந்தச் சிலையின் செலவு உங்களுடையது, மூத்தவளுக்கு ஒன்றும் சரிவரவில்லையா என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஓர் உயிரோடு ஒரு மணித்தியாலம் இருப்பதற்குப் பத்துப் பதினைந்து டொலர் அதிகமில்லை என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்த்தேன். அதிகமில்லை.

"அப்ப வீட்டிலயே ஒண்டை வளத்தால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

ஒன்ராறியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, 'வளர்ப்பு விலங்கு கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாதாம். அண்ணைக்கு அந்தப் பிரிவே தெரியும். ஆனால் அவர் பேஸ்மென்றில் குடியிருந்த காலம் முழுக்க மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரர் சாவகச்சேரி. "சாவகச்சேரியானுக்கு ஆர் போய் ஒன்ராறியோச் சட்டம் வாசிக்கிறது?" இப்போது சொந்த வீடு. இப்போது தடை போடுகிறவர் அண்ணையின் மனைவியான மச்சாள். சீலையில் மயிர் ஒட்டும், சாமியறைக்குள் போகும், மீன் சமைத்தால் மேசையில் ஏறும். மச்சாளின் பக்கமும் நியாயம் உண்டு. ஹராஜுகுவில் இவர் பாம்போடு இருந்த ஒரு மணித்தியாலமும் அந்த மனிசி வெளியே றோட்டில் நின்றிருக்கிறார்.

லண்டன் வகை கொஞ்சம் மிடுக்கானது. பெத்னல் கிறீன் வீதியில் 2014-ல் 'லேடி டைனாஸ்' என்று ஒரு பூனைக் கபே திறந்தபோது, பின்னேரத் தேநீருக்கு முன்கூட்டியே பதிந்துதான் போகவேண்டியிருந்தது. அந்தக் கடை தொடங்குவதற்குச் சனங்களே இணையத்தில் ஒரு லட்சம் பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். இதை லண்டன் அண்ணை ஒருவர் எங்கள் வாசிகசாலைக்குப் பக்கத்தில் நின்று பெருமையாகச் சொன்னார். வாசிகசாலைக்கு ஓடு மாற்றுவதற்காக அவரிடம் மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பொருளாளரும் பக்கத்தில்தான் நின்றார். பொருளாளர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் வாசிகசாலைப் படியில் எங்கிருந்தோ பிடித்துவந்த இரண்டு பூனைக்குட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்.

பாரிஸ் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகிற வழியில் கபே ஒன்றைப் பார்த்தேன் என்பார்கள். பார்த்ததோடு சரி. காசு கொடுக்க மாட்டார்கள்.

இவர்களோடு ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் கதைப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் எங்கள் கண்டி வீதியால்தான் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போனது. மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, நாய்க்கு ஒரு பானைச் சோற்றைக் கொட்டிவிட்டுப் போன வீடுகள்தான் இங்கே அதிகம். அன்றைக்குப் பதினேழு பதினெட்டு வயதில் அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள்தான் இன்றைக்குக் கபே அண்ணைமார். அந்தப் பேச்சு வந்தால் அவர் கபிபராவுக்குத் தாவிவிடுவார். நாங்களும் கூடவே தாவிவிடுவோம்.

திருவிழா நடுப்பகுதியை எட்டும்போது அண்ணைக்குத் திட்டம் வரும். வந்தே தீரும். தகப்பன் வழியில் வந்த ஆறு பரப்புக் காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது. அதில் ஒரு கபே போட்டால் என்ன? ரோக்கியோவில் ஆந்தை என்றால் அரியாலையில் நத்து. சியோலில் செம்மறி என்றால் இங்கே வெள்ளாடு. நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகள் கேட்பாரற்று நிற்கின்றன. மாரி பிறந்தால் செம்மணி வெளிக்குப் பூநாரை தானாகவே வருகிறது. சாய்மனைக் கதிரை நாலு, பனையோலைக் கூரை, பனங்கட்டியோடு கோப்பி. வெள்ளைக்காரன் வரிசையில் நிற்பான்.

முதலில் நத்து விழுந்தது. இங்குள்ள பறவைகளில் மிகப் பெரும்பாலானவை 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன, பிடித்து வைத்தால் வழக்கு என்று கச்சேரியில் வேலை பார்க்கிற மருமகன் சொன்னான். பூநாரையும் அதே சட்டத்தில் பறந்தது. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கரப்பான் ஒன்று கண்ணில் பட்டாலே பி.எச்.ஐ. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார். இவர் ஆட்டை மேசையிலேயே இருத்தப் போகிறார். "ஜப்பானில ஒண்டும் சொல்ல மாட்டாங்கள்" என்றார் அண்ணை. ஜப்பானில் 1957-க்குப் பிறகு நாட்டு மிருகங்களுக்குள் விசர்நாய் நோயே இல்லை. தொட்டாலும் நக்கினாலும் பயமில்லை. இங்கே நாய் லேசாகப் பல்லைப் பதித்தாலும் பெரியாஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசை. இது அவர் விட்டுப்போன நாடு, அவர் பார்த்துவிட்டு வந்த நாடல்ல.

மிஞ்சியது ஆடு. அதையும் ஊர் வேறு கண்ணால் பார்த்தது.

"தம்பி, எத்தினை ஆடு வைக்கப் போறாய்?"

"முதலில ஆறு."

"எத்தினை கிலோ நிக்கும்?"

"நிறுக்கிறதுக்கில்லை மாமா, தடவுறதுக்கு."

"தடவிப் பாத்துத்தான் நாங்களும் வாங்கிறது. இறைச்சிப் பங்கு எண்டைக்குப் போடுறாய்?"

திட்டம் அங்கே நின்றது. ஆனால் மனிதர் நிற்கவில்லை. பக்கத்து வளவு மாமியின் கிடாய் ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டார். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. அதற்குச் சார்ளி என்று பெயரும் வைத்தாயிற்று. தினமும் காலையில் பூவரசங்குழை முறித்துக்கொண்டு போய், வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து தீத்துவார். கிடாயோடு கதைப்பார். என்ன கதைத்தார் என்று யாருக்கும் தெரியாது. கிடாய் கவனமாகக் கேட்டது, அல்லது குழையை மென்றது. மாமி இதைக் கொஞ்ச நாள் பார்த்திருந்துவிட்டு, "தம்பி வந்தாப் பிறகு கிடாய் நல்லாத் தேறியிட்டுது" என்று ஊரெல்லாம் சொன்னார்.

திருவிழா இருபத்தைந்து நாளும் எங்களூர் சைவம். தீர்த்தமும் பூங்காவனமும் முடிந்து வைரவர் மடையும் கழிந்துவிட்டால் அடுத்து வருகிற ஞாயிறு பங்கு. பூவரசமரத்தடியில் அதிகாலையிலேயே கூடிவிடுவார்கள். வீட்டுக்கொரு பனையோலைப் பறி. எந்த ஆடு என்று யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை, பேர் இல்லாததால்.

மத்தியானம் அண்ணைக்குச் சோறு போட்டார்கள். கறி, எலும்பு ரசம், ஈரல் வறை. இந்த இடத்தில் கபே அண்ணைமார் இரண்டு வகையாகப் பிரிவார்கள். எந்த வளவு ஆடு என்று கேட்டுவிட்டு எழும்புகிறவர்கள் ஒரு வகை. கேட்காமல் சாப்பிடுகிறவர்கள் மற்றது. இரண்டாவது வகைதான் பெரும்பான்மை. எங்கள் அண்ணை கேட்கவில்லை. ரசத்துக்கு இரண்டாந்தரம் கோப்பையை நீட்டினார். பின்னேரம் குழை முறிக்கவும் போகவில்லை.

அடுத்த கொடியேற்றத்துக்கு மறுபடி வருவார். வேறு நாட்டில் வேறு மிருகத்தோடு எடுத்த படங்கள் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்றாவது படத்தோடு தேத்தண்ணியை வைத்துவிடுங்கள், கை நிறைந்திருந்தால் போன் கீழே போகும். தம்பியை எப்போது எடுப்பிக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். வளவில் ஆடு நின்றால் தொடவிடுங்கள், ஆனால் சும்மா விடாதீர்கள். மணித்தியாலத்துக்கு ஐந்நூறு ரூபா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். காசு கேட்காவிட்டால் அது நல்ல ஆடு என்று அவர் நம்ப மாட்டார்.